குலுங்காத வண்டி

எங்கள் பழைய காரின் பின்சீட்டில் நான் உட்கார்ந்து போனேன் என்று சொல்வதைவிட, அவ்வப்போது வந்து உட்கார்ந்துவிட்டுப் போனேன் என்று சொல்வதுதான் சரி. மீதி நேரமெல்லாம் காற்றில் இருப்பேன். வேகத்தடையில் ஏறி இறங்கினால் மற்ற வண்டிகள் அத்தோடு அதை மறந்துவிடும். எங்கள் வண்டி மறக்காது. தெருமுனை வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே போகும். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் ராட்டினம் ஏறுவதற்குத் திருவிழா வரட்டும் என்று காத்திருந்தார்கள். எனக்கு அது வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் எங்களுக்கு. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு தறியில் பட்டு நெய்தார்கள். நெய்து முடித்த சேலைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும், கூடவே குடும்பத்தோடு எங்காவது போய்வருவதற்கும் அப்பா அந்தக் காரை வாங்கியிருந்தார். ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிக் களைத்த வண்டி. அதன் ஷாக் அப்சர்பர்கள் எந்தக் காலத்திலோ உயிரை விட்டிருந்தன. அப்பாவுக்கும் அது தெரியும். "ஓடுது இல்ல, ஓடட்டும்" என்பார். அவர் எதையும் அவசரப்பட்டு மாற்றுகிற ஆள் இல்லை.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் காலையில் அம்மா தறியிலிருந்து எழுந்து வந்து கண்ணைக் கழுவினாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து வந்து கழுவினாள். கண்ணில் பட்டுத் தூசி விழுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாளாம். பிறகு அப்பாவிடம், "ஓரத்துலேர்ந்து கறுப்புத் துணி ஒண்ணு இறங்கிக்கினே வருதுங்க" என்றாள். ஏதோ தெருவில் பார்த்த விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். உள்ளூர்க் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, விழித்திரை கழன்றுகொண்டு வருகிறது, இன்றைக்கே சென்னைக்குக் கூட்டிப் போங்கள், தாமதித்தால் பார்வை போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

அப்பா அந்தக் காரிலேயே கூட்டிப் போனார். நான் பக்கத்து வீட்டில் பெரியம்மாவோடு இருந்துவிட்டேன். சுங்குவார்சத்திரம் தாண்டுவதற்குள் அந்தக் கறுப்புத் துணி இன்னும் கீழே இறங்கிவிட்டதாக அம்மா சொல்லியிருக்கிறாள். அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். வண்டி குலுங்கினதால் வந்தது இல்லை, அது இறங்குகிறபடி இறங்கும் என்று அங்கே ஆபரேஷன் செய்த டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னாராம். அப்பா தலையை ஆட்டிவிட்டு, தன் வண்டிதான் காரணம் என்ற முடிவோடு ஊர் திரும்பினார்.

அம்மா பூந்தமல்லியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். கண்ணுக்குள் காஸ் அடைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். உள்ளே அது ஒரு குமிழாக நிற்கும், மேல் நோக்கி எழும்பி, கழன்ற இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதற்காக அம்மா எப்போதும் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் அப்படித்தான், தூங்கும்போதும் அப்படித்தான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கண்ணுக்குள் ஒரு குமிழ் வைத்திருக்கும் அம்மா எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை.

சித்திக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மாடி வீடு, தண்ணீர்க் கஷ்டம் வேறு. அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வரலாம், ஆனால் தலை குனிந்தபடியே வர வேண்டும், குலுக்கல் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குலுக்கல் என்ற அந்த ஒரு சொல் அப்பாவைப் பிடித்துக்கொண்டது.

"ஒரு சவாரிக்கு வண்டி பூராவும் ஷாக் மாத்துவியா? நல்லதா ஒரு பெரிய வண்டிய வாடகைக்கு எடுத்துக்கினு போ" என்றார் பெரியப்பா.

"ஊரான் ஓட்டுற வண்டில அவள ஏத்த மாட்டேன்ணா. அவன் அடுத்த சவாரிக்குப் பறப்பான்."

பெரியப்பா அதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அப்பா தன் கல்யாணத்துக்குக்கூடச் சட்டை தேடி இவ்வளவு அலைந்ததில்லையாம்.

மாமா லீவு போட்டுவிட்டு வந்தார். அம்மாவின் தம்பி. ஒரகடத்தில் கார் உதிரிப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அவர் எனக்கு மாமா, என் அப்பா அவருக்கு மாமா, இரண்டு பேரும் எப்படி ஒரே சமயத்தில் மாமாவாக இருக்க முடியும் என்பது அப்போது என் பெரிய கவலைகளில் ஒன்று. மூன்று பேருமாக ஸ்பேர்ஸ் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் கண்ணாடி மேசையின் மேல் ஷாக்குகளை வரிசையாக நிறுத்தினார். முன் சக்கரத்துக்கு ஸ்ட்ரட் என்று பெயர். அதன் மேல்தான் சுருள்கம்பி உட்காரும். பின் சக்கரத்துக்கு வெறும் ஷாக். ஒரு வகையில் எண்ணெய் மட்டும் இருக்கும், இன்னொன்றில் எண்ணெயோடு காஸும் இருக்கும். காஸ் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மாவின் கண்ணுக்கு என்ன கொடுத்தார்களோ அதையே வண்டிக்கும் கொடுக்கப் போகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அப்படியென்றால் காரும் தலைகுனிந்துதான் வர வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கடைக்காரர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"முன்னாடி ரெண்டையும் சேத்தே மாத்தணும் சார். பின்னாடியும் அப்பிடித்தான். ஒண்ணு புதுசு, ஒண்ணு போனதுன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். எதுவுமே ஜோடியாத்தான் இருக்கணும்."

"அப்போ அம்மாவுக்கு மட்டும் ஏன் ஒரு கண்ணுல காஸ் வெச்சாங்க?" என்று கேட்டேன்.

அது நல்ல கேள்வி என்று எனக்கே தோன்றியது. மாமா கடைக்கு வெளியே போன ஒரு லாரியைப் பார்த்தார். அப்பா என் தலையில் கை வைத்தார்.

"நாலும் குடுங்க" என்றார் கடைக்காரரிடம்.

ஆனால் எந்த நாலு? அதில்தான் அப்பா நெசவாளியாக மாறினார். ஒவ்வொரு ஷாக்கின் கம்பியையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். சாதாரண வகை அமைதியாக உள்ளே போயிற்று. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "தொளதொளன்னு இருக்குதே" என்றார். இன்னொன்று இருந்தது, சிவப்பு நிறத்தில். வேகமாக ஓட்டுகிறவர்கள் வாங்கிப் போடுவது என்று கடைக்காரர் சொன்னார். அதை அழுத்த அப்பா எழுந்து நின்று முழு பலத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. கையை எடுத்ததும் அது விறைப்பாக மேலே வந்தது. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். பாவு விறைப்பாக நிற்க வேண்டும், தொய்ந்தால் துணி கெட்டது. பிறந்ததிலிருந்து புறங்கையால் பாவைத் தட்டித் தட்டிப் பார்த்தே வளர்ந்த மனிதருக்கு, விறைப்பாக இருப்பது எதுவானாலும் அது உயர்ந்த சரக்குதான்.

"ஸ்போர்ட்ஸ் டைப் மாமா, கொஞ்சம் ஹார்டா இருக்கும்" என்று இழுத்தார் மாமா.

"இருக்கட்டும்பா. வலுவா இருந்தாத்தான் தாங்கும்."

செவிலிமேட்டில் இருந்த மெக்கானிக் அதையே மாட்டிக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலமே சோதனை. அப்பா என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்து, மடியில் ஒரு தலையணையைக் கொடுத்து, "அம்மா மாதிரி குனிஞ்சிக்கோ. இன்னா தெரியுதோ அப்பிடியே சொல்லணும்" என்றார். நான் அம்மாவானேன். பாலாற்றுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினோம். வண்டி ஆடவே இல்லை. ஆனால் சாலையில் கிடந்த ஒவ்வொரு சல்லியும் நேராக என் தாடைக்கு வந்து சேர்ந்தது. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன.

"எப்பிடிம்மா இருக்குது?"

"க-க-கல்லு கல்லா தெரியுதுப்பா" என்றேன்.

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி, மாமாவிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்து என் இடத்தில் குனிந்து உட்கார்ந்தார். வீடு வரும் வரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தியபோது நெற்றியில் தலையணை உறையின் தையல் பதிந்திருந்தது. மாமா சிரிக்கப் பார்த்து, அப்பாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் சித்தியின் போனுக்குப் பேசினார்கள். மாமா ஸ்பீக்கரில் போட்டார். அம்மா அங்கே குனிந்தபடி பேசியதால் அவள் குரல் ஒரு குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அப்பா தயங்கித் தயங்கி, சிவப்பு ஷாக் பற்றிச் சொன்னார்.

அம்மா சிரித்தாள். "பாவு மாதிரி நெனச்சி வாங்கிட்டீங்களா? அது ஊடைங்க."

ஊடை என்பது பாவுக்குக் குறுக்கே, நாடா என்கிற கட்டையில் ஓடுகிற இழை. அதை இழுத்துப் பிடித்தால் சேலையின் கரை உள்வாங்கிச் சுருங்கிவிடும். அதைத் தளரவிட்டுத்தான் போட வேண்டும். அம்மா சொல்லிவிட்டால் அப்பாவுக்கு மேல்கோர்ட்டு கிடையாது. மறுநாள் காலையில் சிவப்பு ஷாக்குகள் இறங்கின. அவற்றை மாமா தன் கம்பெனியில் வேகமாக ஓட்டும் ஆசையுள்ள ஒரு நண்பரின் தலையில் கட்டினார். கடைக்காரர் முதலில் காட்டிய சாதாரண வகை, கம்பெனி போட்டு அனுப்புகிற அதே வகை, வண்டியில் ஏறியது. சக்கரங்களை நேர் பார்த்து முடித்து, மறுபடியும் பாலம் வரைக்கும் போனோம். நான் குனிந்தபடி பாதி வழியில் தூங்கிப்போனேன். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் பூந்தமல்லிக்குக் கிளம்பினோம், அப்பாவும் நானும் மட்டும். சித்தி அம்மாவின் தோளைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டி வந்தாள். அம்மா தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் போல வந்தாள். வலது கண்ணின் மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்து ஒட்டியிருந்தார்கள். இடது கண் எப்போதும் போல அழகாகத் திறந்திருந்தது. நான் ஓடிப்போய் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். சாலையைக் கடக்கும்போது, கோயிலுக்குப் போகும்போது, எங்கே போனாலும் நான் அவளுக்கு இடப்பக்கம்தான் நடக்க வேண்டும். அது எங்கள் வீட்டு வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

முன்சீட்டின் முதுகை மடித்து, அதன் மேல் சித்தி ஒரு தலையணையையும், குடம் சுமக்கத் தலையில் வைப்பது போலத் துணியைச் சுருட்டிய ஒரு சும்மாட்டையும் வைத்துக் கட்டினாள். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, நெற்றியை அந்தச் சும்மாட்டில் பொருத்திக்கொண்டாள். அவள் முகம் காரின் தரையைப் பார்த்தது. அந்தத் தரையில் பழைய சேலைகளை மடித்துப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். அம்மாவுக்குப் பேச்சுத் துணை. அவள் முகத்துக்கு நேர் கீழே என் முகம்.

அந்தப் பயணம் இன்றைக்கும் எனக்கு நடந்தது போலவும் இருக்கிறது, கனவு போலவும் இருக்கிறது. வண்டி ஓடுகிற சத்தம் முதுகுக்கு அடியில் மெல்லக் கேட்டது. குலுக்கலே இல்லை. பள்ளம் வந்தால் வண்டி ஒரு மூச்சு இழுத்து விடும், அவ்வளவுதான். மேலே கண்ணாடி வழியாக வானம் போனது, மின்கம்பிகள் ஏறி இறங்கின, புளியமரங்களின் தலைகள் மட்டும் எங்கள் மேல் குனிந்து பார்த்துவிட்டுப் போயின. அம்மாவின் பின்னல் என் தோளுக்குப் பக்கத்தில் தொங்கி லேசாக அசைந்தது. வெயில் வரும், அவள் கன்னம் மஞ்சளாகும். நிழல் வரும், மங்கும். லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயின. அப்பா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தடை கண்ணில் பட்டதும், "வருது" என்று மட்டும் சொல்வார். வந்ததா இல்லையா என்றே தெரியாமல் அது கடந்து போகும். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. என் ராட்டினம் போய்விட்டது.

அம்மாவுக்குச் சலிப்பாக இருக்குமே என்று மூஞ்சி காட்ட ஆரம்பித்தேன். முதலில் குரங்கு. உர் உர் என்று பல்லைக் காட்டினேன். அம்மா சிரித்தாள். அடுத்து எருமை. முக்காரமிட்டுக் காதை ஆட்டினேன். அதற்கும் சிரித்தாள். மூன்றாவதுதான் என்னுடைய சிறந்த மூஞ்சி, வகுப்பில் பெயர் வாங்கியது. மீன். கன்னங்களை உள்ளே உறிஞ்சி, உதடுகளைக் குவித்து, கண்ணை உருட்டி, சத்தமே போடாமல் வாயைத் திறந்து திறந்து மூட வேண்டும்.

அம்மா சிரிக்கவில்லை. அவளுடைய இடது கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தியாம்மா?"

"பாத்தேனே."

"இன்னா அது?"

கொஞ்சம் யோசித்தாள். "கொரங்கு."

"கொரங்கு மொதல்லயே போயிடுச்சிமா. இது மீனு."

"ஆமா, மீனு. அந்த வாய் அப்பிடியே மீனுதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். தாமதமாக வந்தாலும் சிரிப்பு சிரிப்புதானே. நான் சமாதானமாகிவிட்டேன்.

வண்டி மெல்ல ஓரம் கட்டி நின்றது. ராஜகுளம் தாண்டி ஏதோ ஓரிடம். அப்பா இறங்கினார். முன்பக்க மூலையில் கையை வைத்து வண்டியை அழுத்தினார். வண்டி தாழ்ந்து, ஒரு முறை எழுந்து, நின்றது. அடுத்த மூலைக்குப் போனார். அங்கேயும் அழுத்தினார். சுற்றி வந்து நாலு மூலையிலும் அழுத்திவிட்டு, மறுபடியும் முதல் மூலையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் உள்ளே மெதுவாகத் தாழ்ந்து எழுந்தோம். அது நன்றாக இருந்தது.

"ஷாக் நல்லா இருக்குதாப்பா?" என்று தரையிலிருந்தே கத்தினேன்.

"நல்லா இருக்குதுமா" என்றது பின்பக்கத்திலிருந்து அப்பாவின் குரல். அவருக்குச் சளி பிடித்திருந்தது போல இருந்தது.

அம்மா கையைக் கீழே நீட்டினாள். அவள் விரல்கள் முதலில் என் நெற்றியில் பட்டன, பிறகு மூக்குக்கு வந்தன, அங்கிருந்து கன்னத்துக்குப் போயின. அறுந்த இழையைத் தேடும்போது அவள் விரல்கள் பாவின் மேல் அப்படித்தான் போகும்.

"இன்னொரு வாட்டி மீன் பண்ணு" என்றாள்.

பண்ணினேன். அவள் கையை எடுக்கவே இல்லை. குழிந்த கன்னத்தையும் குவிந்த உதட்டையும் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தத் தடவை வெகுநேரம் சிரித்தாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நேராக என் காதில் விழுந்தது. மருந்து என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன். பிறகு அப்பா வந்து உட்கார்ந்தார், வண்டி கிளம்பியது. பொன்னேரிக்கரையில் திரும்பியதும் கண்ணாடியில் ஏகாம்பரநாதர் கோபுரம் தலைகீழாக வந்தது. அம்மாவிடம் சொன்னேன். "வந்துட்டமா?" என்றாள்.

குமிழ் நாளாக நாளாகச் சிறுத்து மறைந்தது. அம்மாவுக்குப் பார்வை திரும்பியது. நேராக நிற்கும் பாவு இழைகள் நடுவில் கொஞ்சம் வளைந்தது போலத் தெரிவதாகச் சொல்வாள். "அதுங்க நேரா இருக்குதுன்னுதான் எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு நெய்தாள். அந்தக் கார் இன்னும் சில வருஷம் எங்களோடு ஓடியது. நான் வேலைக்குப் போய், என் காரில் அவளைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போகும் காலமும் வந்தது.

போன மாதம் புதிதாக ஒரு டாக்டர். வலது கண்ணை மூடிக்கொண்டு எழுத்தைப் படியுங்கள் என்றார்.

"இத மூடிட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாது சார். எடது கண்ணு பொறந்ததுலேர்ந்தே அப்பிடித்தான்" என்றாள் அம்மா.

எத்தனையோ முறை அழைத்துப் போயிருக்கிறேன், ஆனால் அறைக்கு வெளியேதான் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூடவே உள்ளே போயிருந்தேன். திரும்பி வரும்போது காரில் அவளிடம் கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். பார்த்தால் யாருக்கும் தெரியாது, அதனால் யாருக்கும் சொல்லவில்லை. மாமாவுக்கும் சித்திக்கும் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். "சின்னப் பிள்ள நீ, பயந்துக்குவேன்னு உனக்குச் சொல்லல. அப்புறம் சொல்ல மறந்தே போச்சி."

"அப்போ அந்தக் கொரங்கு, எரும எல்லாம்?"

"நீதான் அவ்ளோ சத்தம் போட்டியே. அதுக்கு ஏத்த மாதிரி சிரிச்சேன்."

"மீனு?"

"மீன மட்டும் பாத்தேன்" என்று சொல்லி, விரல்களைக் குவித்துக் காட்டினாள்.

முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. என்னையறியாமல், "வருது" என்றேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன். எங்கள் பேச்சு முழுவதையும் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே அவர் வண்டி ஓட்டியிருக்கிறார். முந்தின நாள் மாட்டிய ஷாக்கை, நடுவழியில் நிறுத்தி, ஒருவர் நாலு மூலையிலும் அத்தனை தடவை அழுத்திப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.